ஆடும் புழுவும் பச்சிலையும்



பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு, ஆட்டுக் கொட்டிலின் மணமும் கிடாய்க் குட்டியின் துள்ளலும் இளமை நினைவுகளாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களிடம் ஆட்டின் குடற்புழுவைப் பற்றியும் அதற்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் பச்சிலைகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கால்நடை மருத்துவம் கற்றவனல்லன் நான். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். என்னை இந்தப் பொருளுக்கு அழைத்து வந்தது ஒரு சொல்.

நான் குடியிருக்கும் தில்லிப் புறநகரில், காலி மனைகளிலும் இரயில் பாதையின் ஓரத்திலும் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு மழை தொடங்கியபோது அவரிடம் எட்டு ஆடுகள் இருந்தன. மழை ஓய்ந்தபோது ஐந்துதான் மிஞ்சின. இறந்த மூன்றுக்கும் தாடையின் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தது. கண்ணிமையின் உட்புறம் காகிதம் போல் வெளுத்திருந்தது. அவர் ஒரு நாள் என்னிடம் கசங்கிய துண்டுப் பிரசுரம் ஒன்றை நீட்டி, "பேட்டா, இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்றார். சந்தையில் மூலிகை விற்பவர் கொடுத்ததாம். முதல் வரியிலேயே ஒரு செடியின் பெயர் இருந்தது: கீடாமாரி. இந்தியில் அதற்குப் புழுவைக் கொல்வது என்று பொருள். அவர் தலையசைத்து, "அதைத்தான் அரைத்துப் புகட்டப் பார்த்தேன். ஆடு வாயைத் திறக்கவே இல்லை" என்றார்.

ஒரு செடியின் பெயரைக் கேட்டால் அதற்குத் தமிழ் என்ன என்று தேடுவது என் தொழில் தந்த பழக்கம். அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். கீடாமாரிக்குத் தமிழில் வழங்கும் பெயர் ஆடுதின்னாப்பாளை. ஒரே செடிதான், வடக்கே அதற்குப் புழுவைக் கொல்வது என்று பெயர், தெற்கே ஆடு தின்னாதது என்று பெயர். ஒரு மொழி புழுவைப் பார்த்தது. மற்றொரு மொழி ஆட்டைப் பார்த்தது. ஆட்டுக்குப் புழு மருந்து தேடிய மனிதனின் நெடுங்கதை முழுவதும் இவ்விரு பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. புழுவை மட்டும் பார்த்த காலங்களில் நாம் தவறினோம். ஆட்டையும் சேர்த்துப் பார்த்தபோதெல்லாம் சிறிது முன்னேறினோம். அந்தக் கதையைத்தான் இன்று சுருக்கமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டைப் பற்றிச் சில செய்திகள். 1951-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 14 கோடியே 88 இலட்சமாயிற்று. யமுனையும் சம்பலும் கூடும் எட்டாவா வட்டாரத்து ஜமுனாபாரி, பஞ்சாபின் பீட்டல், இராஜஸ்தானத்துச் சிரோஹி, வங்காளத்தின் கறுப்பு ஆடு ஆகியவற்றை அந்தந்த மாநிலங்களில் வாழும் நீங்கள் கண்டிருப்பீர்கள். இவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள் அல்லது சிறு நிலம் உடையவர்கள். அவர்களிலும் பெண்கள் மிகுதி. வீட்டில் நோய் வந்தால், பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வந்தால், ஒரு கிடாயை விற்றுச் சமாளிப்பார்கள். ஆடு அவர்களுக்கு வங்கிக் கணக்கு. எட்டில் மூன்று ஆடுகள் இறந்தன என்றால், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மழையில் கரைந்தது என்று பொருள்.

அதைக் கரைத்த புழுவின் பெயர் ஹிமாங்கஸ் கண்டார்ட்டஸ். 1803-ஆம் ஆண்டில் ருடால்ஃபி என்ற அறிஞர் இதை நூலில் பதிவு செய்தார். ஒரு விரற்கடை நீளமே உள்ள இப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழ்கிறது. பெண் புழுவின் உடலில் குருதி நிறைந்த சிவந்த குடலும் வெண்ணிறக் கருப்பையும் முறுக்கிய இருநிறக் கயிறு போலத் தோன்றும். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி 0.05 மில்லி லிட்டர் அளவே. ஆனால் ஆயிரம் புழுக்கள் கூடினால் நாள்தோறும் 50 மில்லி லிட்டர் போய்விடும். இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள மொத்தக் குருதி ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைத்தால் சோகை எவ்வளவு விரைவாக வரும் என்பது புரியும். பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்கு மேல் இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, மழையின் ஈரத்தில் பொரித்து, இளம் புழுக்களாகிப் புல்லின் நுனி நோக்கி ஏறுகின்றன. அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றில் மூன்று வாரங்களில் முதிர்ந்து மறுபடியும் முட்டையிடத் தொடங்குகின்றன. உயிர் பிழைத்த குட்டியும் தேறுவதில்லை. பசி மந்தித்து, தின்றது உடலில் ஒட்டாமல், கிடாய் விலைபோகும் வயதிலும் குட்டி போலவே நிற்கும். ஆகவே புழுவை அடக்குவதும் ஆட்டை வளர்ப்பதும் இரண்டல்ல. ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். அர்த்தசாஸ்திரத்தில் ஆநிரைகளின் தலைமை அதிகாரிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இளங்கன்றுகளுக்கும் முதிய மாடுகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் இடையர் மருந்து செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. பிண்ணாக்கு, தவிடு, உப்பு ஆகியவற்றை எவ்வளவு கொடுப்பது என்றும் அளவு சொல்கிறது. தீவனத்தோடு வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்து விலங்கைப் பேணுவது என்ற கருத்து அவ்வளவு பழையது. பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டை மைசூர் நூலகத்திற்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். சாமா சாஸ்திரி அதை 1909-ஆம் ஆண்டில் அச்சேற்றினார்.

மனிதனின் குடற்புழுவைப் பற்றிச் சரக சம்ஹிதை கூறும் முறை இன்னும் சிறப்புடையது. அது மூன்று வழிகளைச் சொல்கிறது. முதலாவது அபகர்ஷணம்: உள்ளே இருக்கும் புழுவை வெளியேற்றுதல். இரண்டாவது பிரகிருதி விகாதம்: புழு வாழ்வதற்கு ஏற்ற நிலையை உடலுக்குள் இல்லாமற் செய்தல். மூன்றாவது நிதான பரிவர்ஜனம்: புழு வருவதற்குக் காரணமானவற்றை விலக்குதல். இம்மூன்றையும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கதையின் முடிவில் இவை திரும்பி வரும்.

புழுவுக்குரிய மருந்துகளாக வழங்கியவற்றில் மூன்று நாடெங்கும் பரவின. ஒன்று வாய்விடங்கம். மிளகைப் போன்ற சிறு காய். தில்லியின் காரி பாவலிக் கடைத்தெருவில் பாய்விடங்க் என்று கேட்டால் இன்றும் கிடைக்கும். இரண்டாவது புரசு விதை. ஹோலிப் பண்டிகைக்கு வண்ண நீர் செய்வதற்காக வட நாட்டார் ஊறவைக்கும் செந்நிறப் பூவின் மரம் இதுவே. வங்காளத்தில் இதன் பெயர் பலாஷ். 1757-ஆம் ஆண்டில் கிளைவ் வென்ற பிளாசி என்ற ஊர் இம்மரத்தால்தான் பெயர் பெற்றது. மூன்றாவது கபிலப்பொடி. ஒரு காட்டுமரத்தின் காய்மேல் படிந்திருக்கும் செந்தூள். பட்டுக்குச் சாயமாகவும் நாடாப்புழுவுக்கு மருந்தாகவும் பயன்பட்டது. மனிதருக்குக் கொடுத்ததையே அளவு மாற்றி வெல்லத்தில் உருட்டி ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள். எத்தனை ஆடு பிழைத்தது, எத்தனை இறந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அனுபவம் இருந்தது, கணக்கு இல்லை.

கணக்கெடுக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. ஜார்ஜ் வாட் என்பவர் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருட்களின் பேரகராதியில் இச்செடிகள் தத்தம் வட்டாரப் பெயர்களோடு இடம்பெற்றன. அதே 1889-ஆம் ஆண்டில் புனேயில் கால்நடை நோய்களை ஆராய ஒரு கூடம் தொடங்கப்பட்டது. கொடிய மாட்டு வெக்கை நோயைக் கையாளும்போது அது சுற்றுப்புறத்துக்குப் பரவிவிடக் கூடாது என்று, 1893-ல் அக்கூடத்தைக் குமாவூன் மலையில் உள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றினார்கள். 1913-ல் சமவெளியில் பரேலிக்கு அருகே இஸத்நகரில் அதன் கிளை தோன்றியது. அதுவே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்.

அங்கே ஆட்டுக்குக் கிடைத்த இடத்தை எண்ணினால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற அறிஞர் வெக்கை நோயின் நச்சுயிரியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குறைத்து, மாட்டுக்குரிய தடுப்பு மருந்தாக மாற்றினார். 1954-ல் தொடங்கிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான மாடுகளைக் காத்தது அந்த ஆட்டுத் திசு மருந்து. மாட்டைக் காக்க ஆடு உடல் கொடுத்தது. ஆட்டைக் காக்கும் ஆராய்ச்சியோ நெடுங்காலம் பின்வரிசையிலேயே நின்றது. வெள்ளாட்டுக்கென்று தனியே ஒரு மைய நிறுவனம் மதுரா மாவட்டத்து மக்தூம் கிராமத்தில் தோன்றியது 1979-ஆம் ஆண்டில்தான்.

இதற்கிடையில் மனிதரின் குடற்புழுவை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி நம் சென்னை மாகாணத்தில் நடந்தது. கொக்கிப்புழு விசாரணை என்பது அதன் பெயர். கேயஸ், மாஸ்கர் என்ற இருவர், புழுவுக்கு நல்லவை என்று புகழ்பெற்ற மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிகளுக்குக் கொடுத்து, வெளிவந்த புழுக்களை எண்ணினார்கள். 1919-ஐ அடுத்த ஆண்டுகளில் அம்முடிவுகள் அச்சாயின. அக்காலத்தில் பெயர்பெற்ற மருந்துகளுள் ஒன்று தைமால். நம் அடுக்களையில் உள்ள ஓமத்தின் சத்து. முதல் உலகப் போருக்கு முன் ஓம விதை இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறி, தைமாலாக மாறி, மருந்து விலையில் நமக்கே திரும்பி வந்தது. அடுத்து, கல்கத்தாவின் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியில் கர்னல் ராம் நாத் சோப்ரா நாட்டு மருந்துகளை முறையாகச் சோதித்து, 1933-ல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். புகழையும் பயனையும் தனித்தனியே நிறுக்க வேண்டும் என்பதே இவர்கள் கற்றுத் தந்த பாடம். சில செடிகள் அந்தத் தராசில் தேறின, பல தேறவில்லை.

ஆடுகளுக்கு அந்நாளில் உலகெங்கும் கொடுத்தது மயில்துத்தக் கரைசல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் பரவிய முறை அது. பின்னர் அதோடு புகையிலையின் நச்சுச் சத்தான நிக்கோட்டினையும் சேர்த்தார்கள். அதுவும் ஒரு செடி மருந்துதான். அளவு சற்றுக் கூடினால் புழுவோடு ஆடும் போயிற்று.

1938-ஆம் ஆண்டில் இந்தக் கதை திரும்பியது. பூச்சிக்கொல்லியாகச் சோதிக்கப்பட்டு வந்த பினோதியாஸீன் என்ற இரசாயனம், கால்நடைகளின் குடற்புழுவையும் அழிக்கிறது என்று அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். மருந்துண்ட ஆட்டின் சிறுநீர் சிவந்து, கம்பளியில் கறை படியும். அதைக் கண்டு அஞ்சிய இடையர்களும் ஆடுகள் பிழைத்ததைக் கண்டு அஞ்சாமலாயினர். சில நாடுகளில் ஒரு பங்கு பினோதியாஸீனைப் பத்துப் பங்கு உப்போடு கலந்து மேய்ச்சல் நிலத்தில் வைத்தார்கள். ஆடு நாள்தோறும் சிறிது நக்கிக்கொள்ளும். தீவனத்தில் கலந்து கொடுக்கும் புழு மருந்து என்ற முறை இவ்வாறு தொழிலளவில் பரவியது. 1961-ல் தயாபெண்டஸோல் வந்தது. அதன் பின் லெவாமிஸோல். 1981-ல் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக ஓமுரா, காம்ப்பெல் இருவருக்கும் 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றின் முன்னே வாய்விடங்கமும் புரசு விதையும் பாட்டி வைத்தியமாக ஒதுங்கின. அதில் வியப்பில்லை. ஒரு வேளை புகட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புழுவுக்கு மேல் சாகும் மருந்து கையில் இருக்கும்போது, இலையை அரைப்பவர் யார்?

ஆனால் எஞ்சிய அந்த ஐந்து புழுக்களை எவரும் நினைக்கவில்லை. மருந்துக்குத் தப்பியவை அவை. அவற்றின் சந்ததியும் தப்பும் தன்மை உடையது. ஒவ்வொரு முறையும் மந்தை முழுவதற்கும் மருந்து கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அஞ்சாத புழுக்களே மேய்ச்சல் நிலத்தை நிரப்பின. பினோதியாஸீனுக்குப் பணியாத புழு 1957-ல் அமெரிக்காவில் காணப்பட்டது. தயாபெண்டஸோல் வந்து மூன்றே ஆண்டுகளில், 1964-ல், அதற்கும் எதிர்ப்பு தோன்றியது. ஐவர்மெக்டினுக்குப் பத்தாண்டு நிறைவதற்குள் தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு வந்தது. நம் உத்தரப் பிரதேசத்திலும் பினோதியாஸீன், தயாபெண்டஸோல் இரண்டையும் தாங்கும் புழுக்கள் செம்மறிகளில் காணப்பட்டதாக 1976-ல் ஆராய்ச்சி இதழ் அறிவித்தது.

வெள்ளாட்டின் செய்தி இன்னும் துயரமானது. இம்மருந்துகளில் பெரும்பாலானவை செம்மறியில் சோதித்து அளவிடப்பட்டவை. வெள்ளாட்டின் உடலோ பல மருந்துகளைச் செம்மறியை விட விரைவாகக் கழித்துவிடும். எனவே செம்மறியின் அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. போதாத மருந்து புழுவைக் கொல்லாமல் பழக்கிவிடும். ஆட்டைச் சிறிய செம்மறி என்று எண்ணியதால் வந்த பிழை இது. என் அண்டையில் உள்ள மூதாட்டி, மூலிகைக்கு முன் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்; ஒரே மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து இரண்டு ஆடுகளுக்கு. பணம் மிச்சமாயிற்று; புழுவும் மிச்சமாயிற்று.

வளர்ச்சிக்கென்று தீவனத்தில் கலந்த மருந்துகளின் கதையும் இதே வழியில் சென்றது. ஆரியோமைசின் கசடு கலந்த தீவனத்தால் கோழிக் குஞ்சுகள் விரைந்து வளர்வதை 1949, 1950 ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். நுண்ணுயிர்க் கொல்லிகள் கோழிக்கும் பன்றிக்கும் அன்றாட உணவாயின. மனித நோய்களின் கிருமிகளும் மருந்துக்குப் பணிய மறுக்கத் தொடங்கின. சுவீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு தொடக்கத்திலும் அவ்வழக்கத்தைத் தடை செய்தன. நம் நாடு 2019-ல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் தடுத்தது. வளர்ச்சிக்கு வேறு வழி வேண்டும் என்ற தேவை எழுந்ததும், எல்லோருடைய பார்வையும் மறுபடியும் செடிகளின் பக்கம் திரும்பியது.

இம்முறை ஆராய்ச்சியாளர் சிலர் முதலில் கூர்ந்து கவனித்தது ஆட்டைத்தான். மாடும் செம்மறியும் தலை குனிந்து புல் மேய்வன. வெள்ளாடு தலை நிமிர்ந்து தழை மேய்வது. முன்னங்கால்களைக் கிளையில் ஊன்றி நிற்கும் ஆட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புழு ஏறி நிற்பது தரையை ஒட்டிய புல்லில். ஆடு விரும்புவது அதற்கு எட்டாத உயரத்தில் உள்ள தழையை. மேயும் புதர் இருந்த காலத்தில் வெள்ளாட்டுக்குப் புழுவின் தொல்லை குறைவாக இருந்தது. புதரை வெட்டி, நிலத்தை வளைத்து, ஆட்டைப் புல்லில் விட்டபோது, புழுவோடு நெடுங்காலம் பழகாத அதன் உடல் செம்மறியை விட எளிதில் தோற்றது.

அந்தத் தழையில் உயரத்தைத் தவிர வேறொரு நன்மையும் உண்டு, அது துவர்ப்பு. கருவேலங் காய், இலந்தைத் தழை, ஆலிலை, கொய்யா இலை ஆகியவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது தீவனத்தின் புரதத்தோடு பிணைந்து முதல் இரைப்பையில் சிதையாமல் காத்து, குடலில் சேரச் செய்கிறது. ஆகவே வளர்ச்சிக்கு உதவுகிறது. புழுவையும் நலிவித்து முட்டையிடுவதைக் குறைக்கிறது. 1990-களில் நியூசிலாந்தில் டானின் நிறைந்த பசுந்தீவனங்களை மேய்ந்த செம்மறிக் குட்டிகள் புழு இருந்தும் நன்றாக வளர்ந்தன. அமெரிக்காவில் மண்ணரிப்பைத் தடுக்க நட்டுப் பின்னர் களையென்று வெறுக்கப்பட்ட லெஸ்பெடீசா என்ற ஆசியச் செடி, வெள்ளாடுகளின் புழு முட்டையைக் குறைப்பது 2000-க்குப் பின் நடந்த சோதனைகளில் தெரிந்தது. இஸத்நகரிலும் பாகர் என்னும் அத்தி இன மரத்தின் இலையையும் கொய்யா இலையையும் பொடித்துத் தீவனத்தில் சேர்த்து ஆராய்ந்து, சிறிதளவு டானின் ஆட்டுக்குட்டிகளுக்கு நன்மை செய்கிறது என்று கண்டார்கள். அளவு மீறினால் அதே டானின் செரிமானத்தைக் கெடுக்கும். அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த சோதனைகளில், புழுவுள்ள குட்டிகள் துவர்ப்புத் தீவனத்தைத் தாமே நாடித் தின்றதும், புழு குறைந்தபின் அந்நாட்டம் தணிந்ததும் காணப்பட்டன. ஆடு ஒன்றும் அறியாத விலங்கல்ல.

இதைக் கேட்டதும் மூலிகையெல்லாம் அமுதம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. புரசு விதைப் பொடியைப் பாகிஸ்தானத்து ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் செம்மறிகளுக்குக் கொடுத்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 கிராம் கொடுத்தபோது பத்தாம் நாளில் புழு முட்டை நூற்றுக்கு 78 குறைந்தது. நல்ல பயன்தான், ஆயினும் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த லெவாமிஸோல் ஏறத்தாழ முழுவதும் குறைத்தது. வேம்பு மலேசியாவில் பயன் தந்தது, பிரேசிலில் தரவில்லை. பூண்டும் பப்பாளியும் வெள்ளாட்டின் புழுவை அடக்கவில்லை என்று 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். தோல்வியையும் அச்சேற்றுவது அறிவியலின் நேர்மை. சந்தையில் விற்கும் பொட்டலத்தில் இத்தகைய வரிகளை நாம் காண்பதில்லை.

இனி, நம் கீடாமாரிக்கு வருவோம். அச்செடியின் குடும்பத்தில் அரிஸ்டலாக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. உடல் மெலிவதற்கென்று இக்குடும்பத்துச் செடி கலந்த மாத்திரையை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 1993-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. புழுவைக் கொல்லும் என்று வடக்கே சொன்னது பொய்யல்ல. ஆனால் ஆடு அதைத் தின்னாது என்று தெற்கே கண்டதும் பொய்யல்ல. அமிலத்தின் பெயரை ஆடு அறியாது. அதன் கசப்பை அறியும். வாயை மூடிக்கொண்ட அந்த ஆட்டின் விடையை நாம் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டைக் கேட்டதால் கிடைத்த நன்மைக்கும் ஒரு சான்று உண்டு. சவுண்டல் என்றும் சுபாபுல் என்றும் நாம் சொல்லும் தீவன மரத்தில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை மிகுதியாகத் தின்ற கால்நடைகள் நலிந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதைத் தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் இதைக் கண்டு, 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பையிலிருந்து நுண்ணுயிர்களை எடுத்துத் தம் நாட்டு விலங்குகளுக்குச் செலுத்தினார், நஞ்சு தீவனமாயிற்று. இலை ஒன்றுதான், தின்னும் ஆட்டைப் பொறுத்து அது உணவாகவும் நஞ்சாகவும் அமைகிறது.

சரக சம்ஹிதையின் மூன்று வழிகளை நினைவுகூருங்கள். இன்று கால்நடை மருத்துவர்கள் கூறும் முறை, பெயர்தான் வேறு, ஏறக்குறைய அதுவே. அபகர்ஷணம்: மருந்து வேண்டும், ஆனால் மந்தை முழுவதற்குமல்ல, சோகை கண்ட ஆட்டுக்கு மட்டும், அதன் எடைக்கேற்ற முழு அளவில். சோகையை அறியத் தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஓர் எளிய அட்டையை உருவாக்கினார்கள். செந்நிறம் முதல் வெண்மை வரை ஐந்து நிறங்கள். ஆட்டின் கண்ணிமையைக் கீழிழுத்து ஒப்பிட்டால் போதும். மருந்துண்ணாத ஆடுகளில் உள்ள, மருந்துக்குப் பணியும் புழுக்கள், பணியாத புழுக்களின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும். பிரகிருதி விகாதம்: துவர்ப்புத் தழையும் போதிய புரதமும் கொடுத்துப் புழு செழிக்காத வயிற்றை உண்டாக்குதல். செடிகளுக்குரிய உண்மையான இடம் இதுவே. சாகக் கிடக்கும் ஆட்டுக்கு இலை போதாது. சாகாத ஆட்டைச் சாகாமல் வைத்திருக்க இலை உதவும். நிதான பரிவர்ஜனம்: மழைக்காலத்தில் பனி உலர்ந்தபின் மேய்த்தல், ஒரே புல்வெளியில் நாள்தோறும் விடாதிருத்தல், தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுதல்.

இவற்றை அந்த மூதாட்டிக்குச் சொன்னவன் நானல்லன். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவர். நான் செய்ததெல்லாம் அவரை அங்கே அழைத்துச் சென்றதுதான். இப்பொழுது அவர் பொழுது ஏறிய பின்னரே ஆடுகளை அவிழ்க்கிறார். நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் கருவேலும் இலந்தையும் அறுத்துக் கயிற்றில் தொங்கவிடுகிறார். பத்து நாளைக்கொரு முறை ஒவ்வோர் ஆட்டின் இமையையும் இழுத்துப் பார்க்கிறார். இம்மழையில் இதுவரை ஓர் ஆட்டின் இமை வெளுத்தது. அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மழை இன்னும் முடியவில்லை. ஆகவே வெற்றி என்று நான் கூற மாட்டேன்.

நேயர்களே, பிற மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஊரில் இருந்திருந்தால் ஒரு பெயரோடு நின்றிருப்போம். இங்கே ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பெயர்கள் நம் காதில் விழுகின்றன. ஆடாதோடையை வட நாட்டார் அடூஸா என்பார்கள். ஆடு தொடாது என்ற செய்தி அவர்கள் சொல்லில் இல்லை. அவர்கள் சொல்லில் உள்ள செய்தி சில வேளை நம் சொல்லில் இராது. உங்கள் தெருவில் ஆடு மேய்ப்பவரைக் கண்டால், எந்தத் தழையை ஆடு விரும்புகிறது, எதை ஒதுக்குகிறது, அதை அவர்கள் என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். புழுவைப் பார்த்த மொழியும் ஆட்டைப் பார்த்த மொழியும் அருகருகே அமரும் இடத்தில்தான், அடுத்த மழைக்கு ஓர் ஆடாவது கூடுதலாகப் பிழைக்கும்.